"சிஸ்டம்ல தப்பா வந்துடுச்சு" - அடிக்கடி கேக்கற கேள்விகள்

ரொம்ப வருஷம் ப்ரஸ்ல ப்ரூஃப் பாத்தவன் நான். இப்போ அக்கம்பக்கத்துல யாருக்காவது மனு எழுதணும், பத்திரம் பதியறதுக்கு முன்னாடி ஒருதடவ படிச்சுப் பாக்கணும்னா என்கிட்ட எடுத்துட்டு வருவாங்க. வர்றவங்க கேக்கறது பெரும்பாலும் ஒரே மாதிரி சந்தேகம்தான். சான்றிதழ்லயோ மார்க் ஷீட்லயோ பேரு தப்பா இருக்கும், ஆபிஸ்ல கேட்டா "சிஸ்டம்லயே அப்படித்தான் வருது"ன்னு பதில் வந்திருக்கும், அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியாம திரும்பி வந்திருப்பாங்க. அந்தக் கேள்விகளை கேட்டவங்க கேட்ட மாதிரியே கீழ போட்டிருக்கேன்.

சிஸ்டம்ல தப்பா வந்துடுச்சுன்னு சொல்றாங்களே, கம்ப்யூட்டர் தானா பேரை மாத்துமா?

பெரும்பாலும் மாத்தாது. கம்ப்யூட்டர்ல ஒரு பேரு இருக்குன்னா யாரோ ஒருத்தர் அதை உள்ள ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். நீங்க விண்ணப்பத்துல கையால எழுதினதைப் பாத்து ஒருத்தர் அடிப்பாரு, இல்லன்னா ஏற்கனவே இருக்கற ஏதோ லிஸ்ட்ல இருந்து எடுத்துப் போடுவாங்க, இல்லன்னா இங்கிலீஷ்ல அடிச்ச பேரை சாஃப்ட்வேர் தமிழாக்கிக் குடுக்கும். அப்புறம் ஒருத்தர் சரிபாக்கணும், ஒருத்தர் கையெழுத்து போடணும், இப்பல்லாம் டிஜிட்டல் கையெழுத்து. "சிஸ்டம்"னு ஒத்தை வார்த்தைல சொல்லிட்டா இத்தனை பேரு இத்தனை கட்டத்துல பண்ணின வேலையும் கண்ணுக்குத் தெரியாம போயிடுது.

2017ல தமிழ்நாட்டுல ஸ்மார்ட் ரேஷன் கார்டு குடுத்தப்ப சேலம் மாவட்டத்துல ஒரு அம்மாவுக்கு வந்த கார்டுல நடிகை காஜல் அகர்வால் படம் இருந்துச்சு, எல்லா பேப்பர்லயும் வந்த விஷயம். அந்தப் படம் எந்தக் கட்டத்துல உள்ள வந்திருந்தாலும் சரி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மனுஷக் கண்ணு அந்தக் கார்டைப் பாத்திருந்தா அது வெளிய வந்திருக்காது.

எங்க வீட்ல மூணு பேருக்கு ஆதார்ல ஜனவரி 1தான் பிறந்தநாள், அதுவும் அடிச்சவர் தப்பா?

இது வேற. பிறந்த வருஷம் மட்டும் தெரியும், தேதி தெரியாதுன்னு சொன்னவங்களுக்கு ஜனவரி 1னு போடற மாதிரி ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. அதனாலதான் ஊர்ல பாதி பெரியவங்களுக்கு ஒரே நாள்ல பிறந்தநாள். இதை சாஃப்ட்வேர் ஏற்பாடுன்னு தாராளமா சொல்லலாம். ஆனா தேதியோட சான்றிதழ் குடுத்திருந்தும் ஜனவரி 1னு வந்திருந்தா அது அந்த ஏற்பாடு இல்ல, யாரோ அந்தக் கட்டத்தை நிரப்பாம தாண்டிப் போயிருக்காங்க.

ஆதார்ல பேரை ரெண்டு தடவையும் பிறந்த தேதியை ஒரே ஒரு தடவையும்தான் மாத்தலாம்னு வரம்பு இருக்கு. அவசரத்துல இன்னொரு தப்பான தேதியைக் குடுத்து அந்த ஒரு வாய்ப்பையும் தீத்துடாதீங்க.

ஸ்பெல் செக் இருக்கே, அதைப் போட்டுட்டா போதாதா?

போதாது. ஸ்பெல் செக் பாக்கறது அப்படி ஒரு வார்த்தை இருக்கா இல்லையான்னு மட்டும்தான், அது அந்த இடத்துக்கு சரியான்னு அதுக்குத் தெரியாது. "பள்ளி"ன்னு வரவேண்டிய இடத்துல "பல்லி"ன்னு அடிச்சா ரெண்டுமே நல்ல தமிழ் வார்த்தை, அது பாட்டுக்கு விட்டுடும். தமிழுக்கு நீச்சல்காரன்ங்கற பேர்ல இயங்கறவர் உருவாக்கின வாணிங்கற பிழைதிருத்தி, ஒற்றுக்கு நாவி மாதிரி நல்ல கருவிகள் இருக்கு, நானும் பயன்படுத்தறேன், மொத்தமா ஒருதடவ சலிச்சு எடுக்க ரொம்ப உதவும்.

ஆனா ஒரு கிரயப் பத்திரத்துல எது முக்கியம்னு பாருங்க. சர்வே நம்பர், உட்பிரிவு, நான்கு எல்லை, விஸ்தீரணம், வாங்கறவர் பேரு, விக்கறவர் பேரு, அப்பா பேரு, தொகை. இதுல ஒண்ணைக்கூட எந்த ஸ்பெல் செக்கும் பாக்காது. 124/2அங்கறது 142/2அன்னு ஆனா அதுக்கு அது இன்னொரு நம்பர், அவ்வளவுதான். கிழக்கும் மேற்கும் மாறிப்போனாலும் அதுக்கு ரெண்டும் திசை. மூலப் பத்திரத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பாத்தாதான் இதெல்லாம் மாட்டும்.

அப்போ சாஃப்ட்வேர் மேல தப்பே இருக்காதுன்னு சொல்ல வர்றீங்களா?

இல்லவே இல்ல. சாஃப்ட்வேர் தப்பு நிஜமாவே உண்டு, அதை மறைக்கறதும் தப்பு. 2013ல டேவிட் க்ரீசல்னு ஒரு ஜெர்மன் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் ஒரு கட்டிட வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனி மெஷின்ல ஸ்கேன் பண்ணினார். வேற வேற அளவுல இருந்த மூணு ரூமுக்கும் 14.13 சதுர மீட்டர்னு ஒரே அளவு வந்திருந்துச்சு. ஃபைல் சைஸைக் குறைக்கறதுக்காக ஒரே மாதிரி தெரியற எழுத்துத் துண்டுகளை ஒண்ணாக்கற முறை அதுக்குள்ள இருந்துச்சு, அதுல 6 கூட 8ஆ மாறிப்போச்சு. எழுத்து மங்காம, கலங்காம, பளிச்சுன்னு தப்பான நம்பரா வரும். அங்க நின்னு காப்பி எடுத்தவர் மேல என்ன குத்தம் சொல்ல முடியும்? அந்தக் கம்பெனியும் ஒத்துக்கிட்டு சரிபண்ண வேண்டி வந்துச்சு.

வித்தியாசம் எங்கன்னா, நிஜமான சாஃப்ட்வேர் தப்பு ஒருத்தர் பேர்ல மட்டும் வந்துட்டு நிக்காது. அதே மெஷின், அதே மாதிரி விவரம்னா திரும்பத் திரும்ப வரும், செஞ்சு காட்ட முடியும். "உங்க ஒருத்தர் கார்டுல மட்டும் அப்பா பேரும் தாத்தா பேரும் இடம் மாறி வந்துடுச்சு, சிஸ்டம் தப்பு"ன்னு சொன்னா, இதே சாஃப்ட்வேர்ல அடிச்ச மத்தவங்களுக்கு ஏன் மாறலன்னு கேளுங்க.

தமிழ்ல மட்டும் ஏன் இவ்வளவு தப்பு வருது, ஃபான்ட் பிரச்சனைன்னு சொல்றாங்களே?

இதுல பாதி உண்மை இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். தமிழ்நாட்டு ஆபிஸ்கள்ல வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்சாங்க, இலங்கைல பாமினி. இதெல்லாம் யூனிகோட், அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை, வழக்கத்துக்கு வர்றதுக்கு முந்தின முறை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியீடுமா தெரியும். 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ங்கற தமிழ் எழுத்துக் குறிமுறையையும் தரம்னு அறிவிச்சாங்க, ஆனா பழைய ஃபைல் எல்லாம் பழைய ஃபான்ட்லயே கிடந்துச்சு. அதை யூனிகோடுக்கு மாத்தும்போது கொம்பு இடம் மாறும், ஒற்று காணாமப் போகும்.

இன்னொண்ணு இங்கிலீஷ்ல அடிச்சு தமிழாக்கறது. இங்கிலீஷ்ல ல, ள, ழ மூணுக்கும் பொதுவா அதே எல்தான், ன, ண, ந மூணுக்கும் அதே என்தான், குறில் நெடிலும் சரியா தெரியாது. வள்ளி வல்லி ஆகறதும் வாணி வானி ஆகறதும் இப்படித்தான். இது அந்த சாஃப்ட்வேரோட குறைதான், மறுக்கல. ஆனா தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் அந்த லிஸ்ட்டை மேலிருந்து கீழ ஒருதடவ படிச்சா அதுல நிறைய கண்ல பட்டுடும், சந்தேகம் இருக்கறதுக்கு விண்ணப்பத்தைப் புரட்டிப் பாக்கலாம். சாஃப்ட்வேருக்கு இந்தக் குறை இருக்குன்னு தெரிஞ்சே பயன்படுத்தறோம்னா படிச்சுப் பாக்கற ஆளையும் சேத்துத்தான் வேலைக்குத் திட்டம் போடணும்.

கண்ணுக்கே தெரியாத தப்பும் இருக்கு. "ர"வும் காலும் பாக்க கிட்டத்தட்ட ஒண்ணு, "ஔ"ங்கற எழுத்தும் "ஒ", "ள" ரெண்டையும் சேத்து அடிச்சதும் பாக்க ஒண்ணு, "ஸ்ரீ"யை உள்ளுக்குள்ள ரெண்டு விதமா எழுதலாம். பேப்பர்ல சரியா தெரியும், ஆனா கம்ப்யூட்டர்ல பேரைத் தேடினா "இல்லை"ன்னு வரும். இங்க மட்டும் ஆபிஸ்ல இருக்கறவங்க "எங்களுக்கு சரியாத்தான் தெரியுது"ன்னு சொன்னா நம்பலாம், அதே பேரை முதல்ல இருந்து ஒருதடவ அடிச்சு சேவ் பண்ணச் சொல்லுங்க.

ஆட்டோ கரெக்ட் தானா மாத்திடுச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அடிச்சதுக்கு அப்புறம் படிக்கலாம். ஆட்டோ கரெக்ட் மாத்தும்ங்கறது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. ஐரோப்பிய யூனியன், நேட்டோ மாதிரி பெரிய அமைப்புகளோட பழைய ஆவணங்கள்ல "ஒத்துழைப்பு"ன்னு வரவேண்டிய இடத்துல "குப்பர்டினோ"ன்னு கலிஃபோர்னியாவுல இருக்கற ஊர் பேரு வந்திருக்கு. கோஆபரேஷன்ங்கற வார்த்தையை நடுவுல கோடு போடாம அடிச்சா பழைய ஸ்பெல் செக் அதைத் தப்புன்னு சொல்லி குப்பர்டினோன்னு காட்டும், அதை அப்படியே ஏத்துக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. அந்த வரியை யாராவது வாய்விட்டுப் படிச்சிருந்தா நின்னிருப்பாங்க.

எக்செல் சில ஜீன் பேர்களைத் தேதின்னு நெனச்சு மார்ச் 1, செப்டம்பர் 2ன்னு மாத்திக்கிட்டே இருந்துச்சு, ஆராய்ச்சிக் கட்டுரைல எல்லாம் அது நுழைஞ்சுடுச்சு. கடைசில 2020ல ஜீனுக்குப் பேரு வைக்கற கமிட்டி அந்தப் பேர்களையே மாத்திட்டாங்க. சாஃப்ட்வேர் தொந்தரவு பண்ணுதுன்னு தெரிஞ்சா செய்யவேண்டியது இதுதான், தப்பு வராத மாதிரி நடைமுறையை மாத்தணும். நம்ம ஆபிஸ்கள்ல ஆட்டோ கரெக்டை ஆஃப் பண்ணி வைக்கறது ரெண்டு நிமிஷ வேலை.

கம்ப்யூட்டர் இவ்வளவு எச்சரிக்கை காட்டுதே, அப்புறமும் எப்படி தப்பு வெளிய போகுது?

எச்சரிக்கையைப் படிக்காம ஓகே அமுக்கறதால. 2005 டிசம்பர்ல ஜப்பான்ல மிசுஹோ செக்யூரிட்டீஸ்ங்கற பங்கு வியாபாரக் கம்பெனில ஒரு ஷேரை 6,10,000 யென்னுக்கு விக்கறதுக்குப் பதிலா 6,10,000 ஷேரை ஒரு யென்னுக்குன்னு அடிச்சிட்டாங்க. எச்சரிக்கை வந்துச்சு, தாண்டிப் போயிட்டாங்க, கோடிக்கணக்கான டாலர் நஷ்டம். உடனே ரத்து பண்ணப் பாத்தப்ப டோக்கியோ பங்குச் சந்தையோட சிஸ்டம் அதை ஏத்துக்கல, அது நிஜமாவே சிஸ்டம் தப்பு. கோர்ட் பின்னாடி பங்குச் சந்தையையும் ஒரு பங்கு நஷ்டஈடு குடுக்கச் சொன்னுச்சு. ஒரே சம்பவத்துல மனுஷத் தப்பும் மெஷின் தப்பும் சேந்து இருக்கலாம், எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தாதான் நியாயம்.

ஒரே ஒரு எழுத்துதானே, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பெரிசு பண்றீங்க?

2009ல பிரிட்டன்ல கம்பெனிகளைப் பதிவு பண்ற கம்பெனீஸ் ஹவுஸ்ங்கற அரசு ஆபிஸ்ல, டெய்லர் அண்ட் சன்ங்கற கம்பெனி கலைக்கப்படுதுன்னு பதியறதுக்குப் பதிலா டெய்லர் அண்ட் சன்ஸ்ங்கற கம்பெனி மேல பதிஞ்சிட்டாங்க. கடைசில ஒரு எழுத்து. இந்த ரெண்டாவது கம்பெனி கார்டிஃப்ல 200 வருஷத்துக்கு மேல நடந்துட்டிருந்த எஞ்சினியரிங் கம்பெனி. சரக்கு குடுத்தவங்க கடனை நிறுத்திட்டாங்க, ஆர்டர் போச்சு, சில நாள்ல பதிவைத் திருத்தியும் பலன் இல்ல, ரெண்டு மாசத்துக்குள்ள கம்பெனியே மூழ்கிடுச்சு, 250 பேருக்கு மேல வேலை போச்சு. 2015ல ஹைகோர்ட் அந்த ஆபிஸ்தான் பொறுப்புன்னு தீர்ப்பு சொன்னுச்சு.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். அப்பா பேர்ல ஒரு எழுத்து மாறினா பென்ஷன் நிக்குது, இனிஷியல் மாறினா பேன் கார்டும் ஆதாரும் இணையாது, வாரிசுச் சான்றிதழ்ல ஒரு கொம்பு விட்டுப்போனா பேங்க்ல பணத்தை எடுக்க முடியல. தப்பு பண்ணினவங்களுக்கு அது அஞ்சு நிமிஷத் திருத்தம். அதுக்கு வேலையை விட்டுட்டு பஸ் ஏறி வந்து வரிசைல நிக்கறது நாம. இது எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம்.

டைப் பண்ணினவர் தப்பா, கையெழுத்து போட்டவர் தப்பா?

அடிச்சவர்கிட்ட தப்பு வர்றது சகஜம், நாள் முழுக்க அடிச்சா யாருக்கும் வரும். அதனாலதான் பழைய ஆபிஸ் முறைல அடிக்க ஒருத்தர், ஒப்பிட்டுப் பாக்க ஒருத்தர், கையெழுத்து போட ஒருத்தர்னு வச்சிருந்தாங்க. அரசாணைல கீழ "ஆணைப்படி அனுப்பப்படுகிறது"ன்னு போட்டு பிரிவு அலுவலர் கையெழுத்து வாங்கறதே ஒருத்தர் பாத்தாச்சுங்கறதுக்குத்தான். கையெழுத்துக்கு வேற அர்த்தம் கிடையாது. கம்ப்யூட்டர் வந்ததும் ஒப்பிடறது தேவையில்லன்னு விட்டுட்டாங்க, நூறு சான்றிதழைத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்குல ஒப்புதல் குடுக்கவும் முடியுது.

அதனால என் கருத்துல முதல் பொறுப்பு கையெழுத்து போட்டவருக்கு. சம்பளம் கம்மியான ஒப்பந்த ஊழியர் ஒருத்தரைக் கைகாட்டிட்டு மேல இருக்கறவங்க நகந்துக்கறது நியாயமில்ல.

ஊழியர்களையே குறை சொல்றீங்களே, ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் வருதுன்னு தெரியுமா?

தெரியும், கேள்வி நியாயமானது. மூணு பேரு பாக்கவேண்டிய வேலையை ஒருத்தர் பாக்கற ஆபிஸ் நிறைய இருக்கு. அப்போ உண்மையான காரணம் ஆள் பத்தலைங்கறது, அதை அப்படியே சொல்லலாமே! "சிஸ்டம் தப்பு"ன்னு எழுதினா மேலதிகாரி சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுட்டு முடிச்சிடுவாரு. "ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்ல"ன்னு எழுதினாதான் ஒரு பணியிடமாவது கேக்க முடியும். சாஃப்ட்வேர் மேல பழி போடறதால கடைசில நஷ்டப்படறது அந்த ஊழியர்களும்தான்.

பழைய ஃபைலை எடுத்து பேரை மட்டும் மாத்தி அடிக்கறது தப்பா?

தப்பில்ல, ஆனா நான் பாக்கற பத்திரங்கள்ல ரொம்ப மோசமான தப்பு வர்றது இதனாலதான். முதல் பக்கத்துல பேரு மாறியிருக்கும், நாலாவது பக்கத்துல போன கட்சிக்காரர் பேரு அப்படியே இருக்கும். விக்கறவர் பெண்ணா இருப்பாங்க, "அவரது மனைவி"னு ஓடும். மாதிரி வடிவம் வச்சுக்கணும்னா மாத்தவேண்டிய இடத்தை எல்லாம் காலியா விட்டு கோடு போட்ட ஒரு வெத்து ஃபைலை வச்சுக்கங்க, இன்னொருத்தரோட பத்திரத்தை வச்சு ஆரம்பிக்காதீங்க.

சரி, ப்ரூஃப் எப்படித்தான் பாக்கறது, சுருக்கமா சொல்லுங்க?

ரெண்டு பேரா பாருங்க. ஒருத்தர் மூலத்தை வாய்விட்டுப் படிக்கணும், இன்னொருத்தர் அடிச்சதைப் பாத்துக்கிட்டே வரணும். ப்ரஸ்ல இதுக்குன்னே காப்பி ஹோல்டர்னு ஒருத்தர் இருந்தார். நம்பரை "நூத்தி இருபத்தி நாலு"ன்னு படிக்காம ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு தனித்தனியா படிங்க. பேரை ல வா ள வா ழ வான்னு சொல்லிப் படிங்க. ஸ்க்ரீன்ல பாக்காம பேப்பர்ல எடுத்துப் பாருங்க. அடிச்சவரே ப்ரூஃப் பாக்கவேண்டாம், தான் அடிச்சது அவர் கண்ணுக்கு சரியாத்தான் தெரியும்.

தொகை எண்ணாலயும் எழுத்தாலயும் இருந்தா ரெண்டையும் ஒப்பிடுங்க. செக்குல ரெண்டும் மாறுபட்டா எழுத்துல இருக்கறதுதான் செல்லும்னு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18வது பிரிவு சொல்லுது. தலைப்பையும் பெரிய எழுத்தையும் கட்டாயம் பாருங்க, எல்லாரும் பத்திக்குள்ள தேடுவாங்க, தலைப்புல இருக்கறது தப்பிச்சுடும். ஆஸ்திரேலியாவுல 2018ல வந்த 50 டாலர் நோட்டுல பொடி எழுத்துல ரெஸ்பான்ஸிபிலிட்டிங்கற வார்த்தை ஒரு எழுத்து குறைஞ்சு அச்சாகி, 4 கோடியே 60 லட்சம் நோட்டு போனதுக்கப்புறம்தான் வெளிய தெரிஞ்சுது.

என் சான்றிதழ்ல தப்பு, ஆபிஸ்ல சிஸ்டம்னு சொல்லி கையை விரிக்கறாங்க, நான் என்ன கேக்கணும்?

சண்டை வேண்டாம், மூணு கேள்வி மட்டும் கேளுங்க. நான் குடுத்த விண்ணப்பத்துல என்ன இருக்கு? உங்க ஸ்க்ரீன்ல என்ன இருக்கு? அச்சுல என்ன வந்திருக்கு? விண்ணப்பத்துல சரி, ஸ்க்ரீன்ல தப்புன்னா அடிச்ச இடத்துல தப்பு. ஸ்க்ரீன்ல சரி, அச்சுல தப்புன்னாதான் சாஃப்ட்வேரையோ ஃபான்ட்டையோ சந்தேகப்படணும். விண்ணப்பத்துலயே தப்புன்னா நம்ம பக்கம். காட்ட மாட்டேன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட விண்ணப்ப நகல் கேக்கலாம், 30 நாள்ல பதில் குடுக்கணும்.

திருத்தத்துக்கு சட்டத்துலயே வழி இருக்கு. பிறப்புப் பதிவுன்னா 1969ஆம் வருஷச் சட்டத்தோட 15வது பிரிவு, பழைய பதிவை அழிக்காம ஓரத்துல திருத்தம் எழுதுவாங்க. கோர்ட் தீர்ப்புல எழுத்துப் பிழை, கணக்குப் பிழைன்னா உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152. வருமான வரி உத்தரவுன்னா அதுக்குத் தனியா திருத்த மனு போடலாம். கிரயப் பத்திரம்னா பிழைத்திருத்தல் பத்திரம், அதுல ரெண்டு தரப்பும் கையெழுத்து போடணும், விக்கறவர் உயிரோட இருக்கும்போதே பண்ணிடுங்க.

நாங்களும் பாத்து கையெழுத்து போட்டுத்தானே வாங்கினோம், அப்போ எங்க தப்பு ஆயிடாதா?

கொஞ்சம் ஆகும். ஆதார் மையத்துல நம்ம பக்கம் ஒரு ஸ்க்ரீன் வச்சிருக்கறதே நாம பாத்து சொல்லணும்னுதான். ஆனா படிக்கத் தெரியாத ஒருத்தர்கிட்ட கைநாட்டு வாங்கிட்டு "நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க"ன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். அவங்களுக்குப் படிச்சுக் காட்டவேண்டியது அடிச்சவரோட கடமை. கூட போற பிள்ளைங்க அந்த ஒரு நிமிஷம் போனைப் பாக்காம ஸ்க்ரீனைப் பாருங்க.

ஏஐ வந்தாச்சு, இனிமே அதுவே எல்லாத்தையும் பாத்துக்காதா?

பழி போட இன்னொரு பேரு கிடைச்சிருக்கு, எனக்கு அந்தக் கவலைதான் பெரிசா இருக்கு. 2023ல நியூயார்க்ல ஏவியாங்கா விமானக் கம்பெனி மேல போட்ட கேஸ்ல வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை மனுவுல மேற்கோள் காட்டினாங்க, அப்படி தீர்ப்புகளே கிடையாது. மெஷின் சொன்னுச்சுங்கற காரணம் எடுபடல, 5,000 டாலர் அபராதம். கருவியைப் பயன்படுத்தினதுல தப்பில்ல, கோர்ட்ல குடுக்கறதைச் சரிபாக்கவேண்டியது வக்கீல் கடமைன்னுதான் அந்த நீதிபதியும் சொன்னார். சந்தேகமான இடத்தைக் காட்டச் சொல்லி ஏஐகிட்ட கேளுங்க, நல்லாவே காட்டும். முடிவை மூலத்தைப் பாத்து நீங்க எடுங்க, ஸ்பெல் செக் பத்தி மேல சொன்னது இதுக்கும் பொருந்தும்.

பிரிட்டன் போஸ்ட் ஆபிஸ் விஷயத்துல சாஃப்ட்வேர்தானே தப்பு, மனுஷங்க பாவம் ஜெயிலுக்குப் போனாங்களே?

ஆமா, இதை யாரும் மறக்கக்கூடாது. ஹொரைசன்னு ஃபூஜிட்சு பண்ணின கணக்கு சாஃப்ட்வேர்ல இல்லாத பற்றாக்குறை காட்டுச்சு. அதை நம்பி 1999ல இருந்து 2015 வரைக்கும் கிளை போஸ்ட் ஆபிஸ் நடத்தினவங்க 900 பேருக்கு மேல திருட்டு, பொய்க் கணக்குன்னு தண்டிக்கப்பட்டாங்க. 2019ல ஹைகோர்ட் அந்த சாஃப்ட்வேர்ல கோளாறு இருந்துச்சுன்னு தெளிவா சொன்னுச்சு.

இதை நான் சொல்றதுக்கு எதிரான உதாரணமா பாக்கல. அங்கயும் மனுஷங்க சரிபாக்கல. "சிஸ்டம் தப்பு பண்ணாது"ன்னு கண்ணை மூடிட்டு நம்பினாங்க, இங்க "சிஸ்டம்தான் தப்பு பண்ணுச்சு"ன்னு கண்ணை மூடிட்டு சொல்றாங்க. ரெண்டு இடத்துலயும் மூலத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாக்கற வேலை நடக்கல. உங்க ஆபிஸ்ல சாஃப்ட்வேர் மேல நிஜமாவே சந்தேகம் இருந்தா தேதி, நேரம், ஸ்க்ரீன்ஷாட்டோட எழுத்துல குடுத்து வையுங்க, வாயால சொன்னது நிக்காது.

"தொழில்நுட்பக் கோளாறால் பிழை"ன்னு கடிதம் குடுக்கறேங்கறாங்க, வாங்கிக்கலாமா?

வாங்கிக்கங்க, ஆனா அந்த ஒரு வரியோட விடாதீங்க. பேங்க்லயோ பாஸ்போர்ட் ஆபிஸ்லயோ அந்த வரியை மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. தப்பா அச்சானது என்ன, சரியானது என்ன, விண்ணப்பத்துல சரியாத்தான் இருந்துச்சு, பிழை அலுவலகத்துல நடந்தது, இந்த நாலும் இருக்கணும். கூடவே ந.க. எண் (கடிதத்துக்கு ஆபிஸ் போடற ஃபைல் நம்பர்), தேதி, அதிகாரி பேரு, பதவி, முத்திரை. "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு போடறதா வேண்டாமாங்கறது அவங்க இஷ்டம், அதுக்காக மல்லுக்கட்டி நாளைக் கடத்தாதீங்க, இந்த நாலும் இருந்தா உங்க வேலை நடக்கும். கவுன்ட்டர்லயே நின்னு முழுசா படிச்சுட்டு வாங்குங்க, ஒரிஜினலை எங்கயும் குடுத்துட்டு வராதீங்க, கேக்கற இடத்துக்கு சான்றொப்பம் வாங்கின நகல் குடுங்க.